பதினொன்றாம் துளை

ஆணை ஒன்பது பக்கம்.
நிபந்தனைகள் இருபத்தாறு.
சேலத்திலிருந்து மலையேறி என்னிடம் வந்தபோது
நான்காவதன் மேல் ஒரு டீக்கறை:
"காப்புக்காட்டில் புதிய பாதை ஏதும் அமைக்கலாகாது."

அதனால் துளைக்கருவியைக் கழற்றி
குழாய் குழாயாகத் தலையில் சுமந்தார்கள்.
எஞ்சினுக்கு எட்டுப் பேர்.
மே மாதம் சேர்வராயனைத் தூக்கும் அதே தோள்கள்,
மேளம் மட்டும் இல்லை.

நான் இந்தச் சரிவின் வனக்காப்பாளர்.
ஒரு டேப், ஒரு விசில், ஒரு பதிவேடு,
மூன்றடுக்கு டிபன் டப்பா.

இருபது சென்டிமீட்டர் சுற்றளவு இருந்தால்
மரத்தைத் தொடக் கூடாது.
கருவி நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கடுக்காய்க் கன்று,
பத்தொன்பதரை.
டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.
இருபது என்று எழுதினேன்.
கருவி நாலடி தள்ளி நின்றது.
என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய்
இப்போது இலை விட்டிருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் ஓசை கூடாது.
ஆறு ஐந்துக்கு விசில் ஊதுவேன்.
எஞ்சின் அடங்கியபின் கொஞ்ச நேரம்
காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.
அப்புறம்தான் காட்டெருமை
புல்லைப் பிடுங்கும் சத்தம்.

உள்ளிருந்து எடுத்த மண்
தகரப் பெட்டியில் கரும்புத் துண்டுகளாய்க் கிடந்தது,
சிவப்பு, பழுப்பு, ஓரிடத்தில் பன்றிக்கொழுப்பு வெள்ளை.
புவியியலாளர் நந்தகோபன்
ஒரு துண்டை நாக்கில் ஒட்டிப் பார்த்தார்.
"நல்ல பாக்சைட் மேடம். உள்ளே பூரா ஓட்டை.
பஞ்சு மாதிரி, பெய்கிற மழையை எல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும்."

பஞ்சை எடுத்துவிட்டால் என்ன என்று
அன்றிரவு இருபத்தாறையும் மறுபடி படித்தேன்.
துளையைப் பற்றியே பேசுகின்றன எல்லாம்.
துளைக்குப் பிறகு வருவதைப் பற்றி
டீக்கறைக்குத் தெரிந்த அளவுகூட இல்லை.

கடைசி நாள்.
மேற்பார்வையாளர் ரங்கதுரை நீட்டிய சான்றிதழ்:
"பன்னிரண்டு துளைகளும் சிமெண்ட் பாலால் அடைக்கப்பட்டன."
கையெழுத்துக்கு என் பெயரைத் தட்டச்சே செய்திருந்தார்,
ச. மல்லிகேஸ்வரி,
இனிஷியல் கூடச் சரி.

குழாய் தூக்கும் சோம்ரா
பார்வையை மட்டும் புதர்ப்பக்கம் திருப்பினான்.
போய்ப் பார்த்தேன்.
ஒரு பலா இலை. அதன் மேல் ஒரு கல்.
அதன் கீழ் பதினொன்று.

"சிமெண்ட் பத்தல," என்றான் பின்னாலேயே வந்து.
அவன் ஊர் லோஹர்தகா பக்கம்.
"எங்க மலைகூட..." என்று தொடங்கி
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும்
வளையமாய்ச் சேர்த்துக் காட்டினான்,
"மொதல்ல இவ்ளோதான்."
பிறகு இரண்டு கையையும் விரிக்கப் போனவன்
பாதியில் இறக்கிவிட்டான்.
சாப்பாட்டு நேரம், யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

ஒரு கூழாங்கல்லைப் போட்டேன்.
ஒன்று, இரண்டு என எண்ணுவதற்குள்
கீழே ஏதோ
பெயரைக் கேட்டது போல.

கையெழுத்துப் போடவில்லை.
"ஒரு துளைக்காகவா?" என்றார் ரங்கதுரை,
"அரை மூட்டைக்கு ஆள் அனுப்பணும் மேடம்."
அனுப்புங்கள் என்றேன்.

அரணை விழும், பாம்புக்குட்டி விழும்.
டிபன் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து
அந்தக் கல்லையே மேலே வைத்தேன்.
திறந்த டப்பாவோடு பஸ்ஸில் இறங்கினேன்.
இருபது கொண்டை ஊசியிலும்
புளிசாத வாடைக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் சிமெண்ட் வந்தது,
யாரோ ஒருவன் தோளில், அரை மூட்டை.
கல்லை நகர்த்தி மூடியை எடுத்தேன்.

உட்புறமெங்கும் நீர்த்துளி,
விளிம்பில் ஒன்று விழக் காத்திருந்தது.
மழை பெய்து பதினாறு நாள்.

ஊற்றினார்கள். நிரம்பியது.
ஈரம் காயுமுன் ஆணியால் 11 என்று கீறினேன்.
பதிவேட்டில் "அடைக்கப்பட்டது."
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வெகுநேரம் வைத்திருந்தேன்.

பிறகு மூடியைத் துடைக்காமல்
டப்பாவை மூடினேன்.